ஒன்பது எங்கே போனது?

அக்கா மகனுக்குப் பெயர் வைத்த சமயம், பெயர்ப் பொருத்தம் பார்க்கும் ஒருவரிடம் போயிருந்தோம். பெயரைத் தமிழில் சொன்னோம். அவர் அதை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் ஒரு எண்ணைப் போட்டுக் கூட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நடுவில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் சரியாகிவிடும் என்றார். மேஜையில் லேமினேட் செய்த அட்டை ஒன்று இருந்தது. ஏ 1, பி 2, சி 3 என்று தொடங்கி இசட் வரை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1 முதல் 8 வரைதான் இருக்கிறது, 9 எந்த எழுத்துக்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது தெய்வத்தோட நம்பர் தம்பி, எழுத்துக்குக் கொடுக்கக் கூடாது" என்றார்.

பதில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அட்டையின் வரிசையும் ஒரு மாதிரியாக இருந்தது. இ 5, அடுத்த எஃப் 8, அப்புறம் ஜி மறுபடி 3. ஆங்கில எழுத்துகளை முன்னால் வைத்துக்கொண்டு யாராவது புதிதாகப் போட்ட பட்டியல் இப்படித் தாவாது. வேறு ஏதோ மொழிக்குத் தைத்த சட்டையை இதற்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. தேடிப் பார்த்ததில் அந்த மொழி எபிரேயம், யூதர்களின் வேதமொழி. அங்கே இந்த வித்தைக்குப் பெயர் கெமாட்ரியா.

எழுத்துக்கு எண் வந்ததில் மர்மம் எதுவும் கிடையாது. இன்று உலகம் எழுதும் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் இந்தியாவில் உருவாகி அரபிகள் வழியாக ஐரோப்பா போனவை. அதற்கு முன்னால் கிரேக்கர்கள் தங்கள் நெடுங்கணக்கையே இலக்கமாக வைத்துக்கொண்டார்கள். முதல் ஒன்பது எழுத்து 1 முதல் 9, அடுத்த ஒன்பது 10 முதல் 90, கடைசி ஒன்பது 100 முதல் 900. அதற்கு 27 எழுத்து வேண்டும், அவர்களிடம் இருந்தது 24, ஆகவே வழக்கொழிந்த மூன்று பழைய எழுத்துகளைத் தூசி தட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். இதே முறை எபிரேயத்துக்கும் வந்தது. தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எழுத்துகளின் பெயர் ஏற்கெனவே தெரியும்: ஆலெப், பேத், கிமெல் என்று எட்டெட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு, மொத்தம் 22 தலைப்பு, 176 வசனம். ஆலெப் 1, பேத் 2 என்று போய் யோத் 10, அங்கிருந்து பத்துப் பத்தாக ஏறி கோப் 100, கடைசி எழுத்தான தாவ் 400. ஐந்நூறு எழுத வேண்டுமானால் 400க்கான எழுத்தையும் 100க்கான எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டியதுதான்.

வரவு செலவு எழுதப் பயன்பட்ட ஏற்பாடு இது. ஆனால் இரண்டு பக்கவிளைவுகள் இருந்தன. எழுத்தும் இலக்கமும் ஒன்றே என்றால் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அது ஒரு தொகையாகவும் தெரியும், எந்தத் தொகையை எழுதினாலும் அது தற்செயலாக ஒரு சொல்லாகவும் விழுந்துவிடும். இந்த இரண்டாவது தொல்லையை யூதர்கள் இன்றும் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். 15 என்பதை முறைப்படி 10ம் 5மாக எழுதினால் அது கடவுளின் பெயரில் பாதியாகிவிடுகிறது, ஆகவே 9ம் 6மாக எழுதுகிறார்கள். 16க்கும் இதே கதை, 9ம் 7ம். யூத நாட்காட்டியின் 5744ஆம் ஆண்டு, அதாவது 1983 – 84, வந்தபோது இன்னும் வேடிக்கை. ஆயிரத்தை விட்டுவிட்டு 744ஐ வழக்கமான வரிசையில் எழுதினால் 'நீ அழிக்கப்படுவாய்' என்று படிக்க வருகிறது. கல்யாணப் பத்திரிகையில் அதைப் போட யாருக்கு மனசு வரும்? கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றி எழுதிக்கொண்டார்கள். கூட்டுத்தொகை மாறாது.

முதலாவது பக்கவிளைவிலிருந்துதான் கெமாட்ரியா பிறந்தது. இரண்டு சொற்களின் கூட்டுத்தொகை ஒன்றானால் அவற்றுக்குள் ஏதோ உறவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். வேத வாசகங்களுக்கு விளக்கம் சொல்ல ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், வகுத்த 32 நெறிகளின் பட்டியலில் இதுவும் ஒன்று, ஆனால் 29ஆவதாக, ஏறக்குறைய கடைசியில் இருக்கிறது. சட்டத்தை இதை வைத்துத் தீர்மானிக்கும் வழக்கமில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்கு ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ளத்தான்.

ஊறுகாய் ருசியாகவே இருக்கும், மறுக்க முடியாது. திராட்சை மதுவுக்கு எபிரேயத்தில் யாயின், 10, 10, 50 என்று கூட்டினால் 70. ரகசியத்துக்கு சோத், 60, 6, 4, அதுவும் 70. மது உள்ளே போனால் ரகசியம் வெளியே வரும் என்கிறது தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூல். அன்புக்கு அஹவா, 13. ஒன்று என்பதற்கு எஹாத், அதுவும் 13. இரண்டையும் சேர்த்தால் 26, கடவுளின் நான்கெழுத்துப் பெயரின் தொகை. உயிரோடு இருப்பதைக் குறிக்கும் ஹாய் என்ற சொல்லுக்கு 18, அதனால்தான் யூதர்கள் கல்யாணத்துக்கு மொய் வைக்கும்போது 18, 36, 180 என்று வைக்கிறார்கள், நாம் 101, 501 வைப்பதுபோல. மோசேயின் ஐந்து நூல்களைக் குறிக்கும் தோரா என்ற சொல்லுக்கு 611. அதில் உள்ளதாக யூதர்கள் எண்ணும் கட்டளைகளோ 613. அந்த இரண்டு எங்கே என்று கேட்டால், அவை சீனாய் மலையில் மக்கள் கடவுளின் வாயிலிருந்தே நேரடியாகக் கேட்டவை, மோசே வழியாக வந்தது மீதி 611தான் என்கிறார்கள். இந்தப் பதிலைச் சொன்னவருக்குக் கை தட்டத் தோன்றுகிறது எனக்கு.

இருப்பதிலேயே யோசிக்க வைப்பது 318. ஆதியாகமம் 14:14இல் ஆபிராம் தன் சகோதரன் மகனை மீட்கப் போருக்குப் போகிறார், கூட அழைத்துப் போனது 318 ஆட்கள். அது ஏன் இவ்வளவு துல்லியமான எண் என்று கேட்ட ரபிகள், அடுத்த அதிகாரத்தில் வரும் அவருடைய வேலைக்காரன் எலியேசரின் பெயரைக் கூட்டினார்கள். 1, 30, 10, 70, 7, 200. சரியாக 318. ஆக, போனது ஒரு படை இல்லை, எலியேசர் ஒருவர்தான் என்று ஒரு விளக்கம். இதே எண்ணைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் படித்த ஆரம்பகாலக் கிறிஸ்தவர் ஒருவர், பர்னபாவின் நிருபம் என்று இன்று அழைக்கப்படும் எழுத்தில், வேறொன்றைப் பார்த்தார். கிரேக்கத்தில் 318ஐ எழுத மூன்று எழுத்து: 300க்கு 'டௌ', பார்வைக்கே சிலுவை வடிவம், 10க்கும் 8க்கும் 'அயோட்டா', 'ஈட்டா', அதாவது இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து. ஆகவே ஆபிரகாம் அன்றைக்கே சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் கண்டுகொண்டார் என்று எழுதிவிட்டார். அதே வசனம், அதே எண். யூதருக்கு அதற்குள் எலியேசர் இருக்கிறார், கிறிஸ்தவருக்கு இயேசு. ஒருவர் கணக்கிலும் பிழை கிடையாது என்பதுதான் விஷயம்.

கிரேக்கர்கள் இதை வேதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, தெருவில் விளையாடினார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்துச் சுவர் ஒன்றில் 'என் காதலியின் எண் 545' என்று ஒருவன் கிறுக்கி வைத்திருக்கிறான். பெயரைச் சொல்லாமல் சொல்லிவிட்ட சந்தோஷம். நீரோ மன்னன் தன் தாயைக் கொல்லச் செய்தபோது, ரோமில் பரவிய ஒரு கிண்டலை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் பதிந்திருக்கிறார்: நீரோ என்ற பெயரைக் கிரேக்கத்தில் கூட்டினால் 1005, 'பெற்ற தாயைக் கொன்றான்' என்பதைக் கூட்டினாலும் 1005. நானும் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், வருகிறது.

நீரோவை விடாமல் துரத்திய எண் இன்னொன்று உண்டு. வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 13:18இல் வரும் மிருகத்தின் இலக்கம் 666, அது மனுஷனுடைய இலக்கம் என்று அந்த வசனமே சொல்கிறது. நீரோன் கேசர், அதாவது பேரரசன் நீரோ, என்று எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200. மொத்தம் 666. இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் வேறு. சில பழைய பிரதிகளில் 666க்குப் பதில் 616 இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியஸ் என்ற கிறிஸ்தவ ஆயர் இதைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார், எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டிலும் 616தான். கிரேக்கர்கள் நீரோன் என்பார்கள், லத்தீனில் நீரோ. கடைசி 'ன்' போனால் 50 குறையும். 616. பிரதி எடுத்தவருக்கு ஆள் யார் என்று தெரிந்திருந்தது, தன் ஊர் உச்சரிப்புக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்திக்கொண்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இங்கே எண் உண்மையிலேயே ஒரு பூட்டு, எழுதியவர் மனதில் ஒரு சாவி இருந்தது.

ஆனால் ஒரு முறை பூட்டைக் காட்டிவிட்டால் அப்புறம் ஊரில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கொரு சாவியோடு வந்துவிடுவார்கள். மிகையேல் ஸ்டீஃபல் என்று ஒரு ஜெர்மானியர், போப்பை எதிர்த்துப் பிரிந்த மார்ட்டின் லூதரின் சீடர். பத்தாம் லியோ என்ற போப்பின் லத்தீன் பெயரிலிருந்து ரோமன் இலக்கமாக வரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கினார், 1656 வந்தது. அதில் 1000த்தைக் குறிக்கும் 'எம்' எழுத்தை மர்மம் என்ற சொல்லின் முதலெழுத்து என்று சொல்லி எடுத்துவிட்டார், 656. பத்தாம் லியோ அல்லவா, 10ஐச் சேர்த்தார், 666. அத்தோடு நிற்காமல் 1533 அக்டோபர் 19 காலை 8 மணிக்கு உலகம் அழியும் என்றும் அறிவித்தார். எட்டு மணி அடித்தது, ஒன்றும் நடக்கவில்லை, அவரைக் காவலில் வைத்தார்கள். இவர் முட்டாளும் இல்லை. 1544இல் வெளிவந்த அவருடைய கணித நூலில்தான் அடுக்குக்குறிக்கு 'எக்ஸ்போனென்ட்' என்ற பெயரே முதலில் வருகிறது. அந்த நூற்றாண்டின் கடைசியில் பியெத்ரோ போங்கோ என்ற இத்தாலியக் கத்தோலிக்கர் பதிலடி கொடுத்தார். லத்தீன் எழுத்துகளுக்குக் கிரேக்கப் பாணியில் மதிப்புப் போட்டு, 'மார்ட்டின் லூட்டரா' என்று கடைசியில் ஒரு 'ஏ' சேர்த்து எழுதி, லூதரையே 666 ஆக்கினார்.

அந்த 'ஏ'யைக் கவனியுங்கள். அட்டைக்காரரின் 'ஏ'வும் அதே சாதிதான்.

எப்படி எப்போதும் ஏதாவது ஒன்று பொருந்திவிடுகிறது? எபிரேய வேதத்தில் வரும் அகராதிச் சொற்களே எட்டாயிரத்துச் சொச்சம். பெரும்பாலானவை மூன்று நான்கு எழுத்துச் சொற்கள், தொகை ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். ஆயிரம் நாற்காலியில் எட்டாயிரம் பேர் உட்கார வேண்டுமானால் ஒரே நாற்காலியில் யாரும் யாரோடும் உட்கார நேரும். யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மேசியாவுக்கு 358, ஏதேன் தோட்டத்துப் பாம்பைக் குறிக்கும் சொல்லுக்கும் 358. இதற்கும் விளக்கம் எழுதிவிட்டார்கள் என்பது வேறு. நேர்க்கணக்கில் பொருந்தாவிட்டால் மாற்று வழிகள் உண்டு. ஒன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, சொல்லையே ஒன்றாக எண்ணிக் கூட்டிக்கொள் என்று ஒரு சலுகை. எழுத்தின் பெயரையே எழுத்துக்கூட்டி அதன் தொகையை எடுத்துக்கொள் என்று இன்னொன்று. நாம் 'க' என்பதைக் 'ககரம்' என்று எழுதி அத்தனையையும் கூட்டுவது மாதிரி.

இந்த இரண்டாவது வழி ஒரு பெரிய விபரீதத்துக்கும் துணை போனது. 1665இல் சபத்தாய் ஸெவி என்ற ஸ்மிர்னா நகரத்துக்காரர் தன்னை மேசியா என்று அறிவித்தபோது ஐரோப்பாவிலும் ஓட்டோமான் நாடுகளிலும் யூதர்கள் கூட்டம் கூட்டமாக நம்பினார்கள். அவர் பெயரைக் கூட்டினால் 814. சர்வவல்லவரைக் குறிக்கும் ஷத்தாய் என்ற பெயரை நேராகக் கூட்டினால் வெறும் 314தான், ஆனால் அதிலுள்ள ஷீன், தாலெத், யோத் என்ற எழுத்துகளின் பெயரை எழுத்துக்கூட்டினால் 360, 434, 20. மொத்தம் 814. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் சுல்தானுக்கு முன்னால் அவர் தலைப்பாகை கட்டி இஸ்லாத்துக்கு மாறினார். 814 அப்படியே இருந்தது.

அரபியிலும் இந்த மதிப்புகள் அப்ஜத் என்ற பெயரில் உண்டு, 28 எழுத்து, 1 முதல் 1000 வரை. நம்மூர் ஆட்டோவிலும் பிரியாணிக் கடைப் பலகையிலும் பார்க்கும் 786 இதுதான், பிஸ்மில்லா வாசகம் முழுவதையும் கூட்டினால் வரும் தொகை. பாரசீகக் கவிஞர்களோ இதைச் சாவு, பிறப்பு, கட்டடம் என்று எல்லாவற்றுக்கும் வருடம் குறிக்கப் பயன்படுத்தினார்கள். ஹுமாயூன் டெல்லியில் நூலகப் படியிலிருந்து விழுந்து இறந்தபோது 'ஹுமாயூன் பாதுஷா மேல்தளத்திலிருந்து விழுந்தார்' என்று ஒரு பாரசீக வரி கட்டினார்கள். கூட்டினால் 962. அவர் இறந்தது இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 963இல். ஒன்று குறைகிறது, ஆனால் வரி அவ்வளவு பிரமாதமாக அமைந்துவிட்டதால் விட மனசில்லை.

சரி, அட்டைக்கு வருவோம். கெமாட்ரியாவில் 'சிறு எண்' என்று ஒரு முறை இருக்கிறது, பூஜ்யங்களை வெட்டிவிடுவது. 20ம் 200ம் வெறும் 2. இப்போது எபிரேய வரிசையைப் பூஜ்யம் இல்லாமல் எழுதி, பக்கத்தில் நம் ஆங்கில அட்டையை வைத்துப் பாருங்கள். காப் 20, அட்டையில் கே 2. லாமேத் 30, எல் 3. மேம் 40, எம் 4. நூன் 50, என் 5. ஆயின் 70, ஓ 7 (ஓ எழுத்தின் வட்டமே பழைய ஆயினிலிருந்து வந்தது). பே 80, ஓவுக்கு அடுத்து வரும் பிக்கும் எஃபுக்கும் 8. கோப் 100, க்யூ 1. ரேஷ் 200, ஆர் 2. ஷீன் 300, எஸ் 3. தாவ் 400, எஸ்ஸுக்கு அடுத்து வரும் டிக்கு 4. வாவ் 6, அதனால் யு, வி, டபிள்யூ மூன்றுக்கும் 6. எஃப் 8இலிருந்து ஜி 3க்குத் தாவியது ஏன் என்பது இப்போது தெரிந்துவிட்டது, ஜி என்பது கிமெல். எக்ஸ் ஒன்றுதான் ஒட்டவில்லை.

9? எபிரேயத்தில் 9 என்பது தேத், கனத்த ஒரு தகரம். 90 என்பது த்சாதே. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இணையான எழுத்து கிடையாது, ஆங்கில டகரம் ஏற்கெனவே தாவுக்குப் போய்விட்டது. அட்டையைத் தயாரித்தவர்கள் ஒவ்வொரு எபிரேய எழுத்துக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டே வந்தபோது இந்த இரண்டுக்கும் மணமகன் கிடைக்கவில்லை, கூடவே 9ம் வெளியே நின்றுவிட்டது. தெய்வ எண் விளக்கம் பிறகு ஒட்டவைத்தது என்பது என் முடிவு.

இந்த அட்டைக்கு 'கல்தேய முறை' என்று பெயர். உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கைரேகைக்காரர் கீரோ, அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ஜான் வார்னர், எண்கள் பற்றிய அவர் புத்தகம் 1926இல் வந்தது. கல்தேயர் என்றால் பழைய பாபிலோனியர். அவர்கள் களிமண்ணில் குத்தி எழுதியது நூற்றுக்கணக்கான ஆப்பெழுத்துக் குறிகள், பெரும்பாலும் அசைகளுக்கும் சொற்களுக்கும் உரியவை. அதில் ஏ, பி, சி மாதிரி ஒரு நெடுங்கணக்கே இல்லை.

தமிழில் இப்படி ஒன்று உண்டா என்று அப்புறம் யோசித்தேன். தமிழ் இலக்கங்கள் எழுத்து வடிவில்தான் இருக்கின்றன: க 1, உ 2, எ 7, அ 8. பின்னத்தில் 'வ' கால். ஆனால் எல்லா எழுத்துக்கும் மதிப்புக் கிடையாது, கூட்டிப் பார்த்துத் தலையெழுத்துச் சொல்லவும் வழியில்லை. நம்மவர்கள் இதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல், 'எட்டேகால் லட்சணமே, எமனேறும் பரியே'. எட்டு 'அ', கால் 'வ', சேர்த்தால் அவலட்சணமே. இரண்டாவது எருமையே. திருமந்திரத்தில் வரும் 'எட்டும் இரண்டும்' இதே உத்தி, அகரத்தையும் உகரத்தையும் மறைத்துச் சொல்வது.

சமஸ்கிருதத்தில் கடபயாதி என்று ஒரு முறை உண்டு, கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குத் தெரியும். க, ட, ப, ய நான்கும் 1. மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் ஒன்றின் பெயரில் முதல் இரண்டு எழுத்தின் மதிப்பைத் திருப்பிப் போட்டால் அதன் வரிசை எண் வந்துவிடும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. கல்யாணி 65ஆவது மேளம், அதற்காகவே முன்னால் 'மேச' ஒட்டினார்கள், மே 5, ச 6. சங்கராபரணம் 29 ஆக வேண்டும், 'தீர' ஒட்டினார்கள், தீ 9, ர 2. (இங்கே த மூச்சுக் கலந்த நான்காவது தகரம், தமிழில் நான்குக்கும் ஒரே த என்பதால் இந்தக் கணக்கைத் தமிழெழுத்தில் போடவே முடியாது.) ஆக, எண்ணுக்காகப் பெயர் திருத்துவது நமக்கும் புதிதில்லை. ஆனால் 'மேச' ஒட்டியதால் கல்யாணி இனிமையாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, 72 ராகத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மாணவனுக்கு நினைவிருக்க வேண்டும், அதற்குத்தான்.

அக்கா மகனுக்கு அந்தக் கூடுதல் 'ஏ'வைச் சேர்த்துத்தான் பிறப்புச் சான்றிதழ் வாங்கினார்கள். தமிழில் எழுதும்போது பெயர் பழையபடிதான் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஸ்பெல்லிங்கை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று அக்கா சொல்கிறாள்.